விடுதிப் பிள்ளைக்கு அனுப்பிய முதல் பார்சல் பூசணம் பிடித்துவிட்டது: அடுத்ததில் என்ன வைக்கலாம்?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகள் படிப்புக்காக வெளிநாடு போய் மூன்று மாதம் ஆகிறது. முதல் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அவள் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. மனம் கேட்கவில்லை. இரண்டு நாள் அடுப்படியில் நின்று, அவளுக்குப் பிடித்த பேரீச்சம்பழக் கேக், வெண்ணெய் பிஸ்கட், வறுத்த முந்திரி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் செய்து ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பினேன். பத்து நாளில் சேரும் என்றார்கள். பத்தொன்பதாம் நாள்தான் சேர்ந்தது.

"எல்லாம் நன்றாக இருந்தது அம்மா" என்றாள். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. கேக் முழுவதும் பச்சைப் பூசணம். பிஸ்கட் நமுத்துப்போய்ப் பாதி தூளாகிவிட்டது. ஊறுகாய் பாட்டில் கசிந்து பெட்டி முழுக்க எண்ணெய். முந்திரியை மட்டும் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு பார்சல் அனுப்பப்போகிறேன். எது கெடாமல் போய்ச் சேரும்? அதைவிட முக்கியமாக, விடுதியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: வீட்டிலிருந்து வந்ததில் எது உங்கள் மனதை உண்மையில் தேற்றியது?

உலர்நிலம்

அம்மா, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. நான் உணவுப் பதப்படுத்தும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

உணவு கெடுவதை அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, அந்த ஈரத்தில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதை நீர்ச் செயல்பாடு என்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு 1. அந்த எண் 0.6க்குக் கீழே போய்விட்டால் பாக்டீரியாவோ பூசணமோ எதுவும் வளராது. தேன் கெடாமல் இருப்பது இதனால்தான். அதில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் சர்க்கரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மொறுமொறுப்பான பிஸ்கட் 0.3 அளவில் இருக்கும். மென்மையான கேக் 0.8, 0.9 வரை போகும். அது பூசணத்துக்கு விரித்து வைத்த பாய்.

இப்போது கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில் மூடினால், ஈரம் கேக்கிலிருந்து பிஸ்கட்டுக்கு நகரும். இரண்டும் ஒரு சமநிலைக்கு வரும்வரை அது நிற்காது. உங்கள் பிஸ்கட் நமுத்ததற்குக் காரணம் பயணம் அல்ல, பக்கத்தில் இருந்த கேக்தான். மெத்தென்றதையும் மொறுமொறுப்பானதையும் ஒருபோதும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். தனித்தனியாகக் காற்றுப் புகாத டப்பாக்களில் வைத்து, அவற்றைப் பெட்டிக்குள் அடுக்குங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். கேக் முழுமையாக ஆறிய பிறகுதான் மூடினீர்களா?

நிலாமுற்றம்

இல்லை ஐயா. வெளியே தொட்டால் சூடு தெரியவில்லை, மூடிவிட்டேன். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்ற அவசரம்.

உலர்நிலம்

அதுதான். நடுப்பகுதியில் இருந்த சூடு நீராவியாகி, மூடியில் துளியாகி, மேலே சொட்டியிருக்கும். கேக்கின் மேற்பரப்பில் விழும் ஒரு துளி ஈரமே பூசணத்துக்குப் போதும். எதைச் செய்தாலும் ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் அடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாமாண்டு

அம்மா, நான் இன்னும் விடுதியில் இருக்கும் மாணவன். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முதல் வருடம் எனக்கு இனிப்பு நிறைய வந்தது. எல்லாம் ருசியாகவே இருந்தன. ஆனால் பெட்டி பிரித்த அன்றே நண்பர்கள் சேர்ந்து தீர்த்துவிடுவோம். அது ஒரு நாள் கொண்டாட்டம். என்னைத் தேற்றியது வேறு. ஒரு சிறிய பாட்டிலில் அம்மா வறுத்து அரைத்து அனுப்பிய மசாலாப் பொடி. விடுதிச் சாப்பாடு எதன் மேலும் அரைக் கரண்டி தூவினால் போதும், முதல் வாய் எங்கள் வீட்டு வாய். அது நாற்பது நாள் வந்தது. நாற்பது நாளும் தினம் ஒரு முறை வீட்டுக்குப் போய்வந்தேன். பொடி தீரப்போகிறது என்று தெரிந்த வாரத்தில் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டேன்.

ஆகவே என் வேண்டுகோள்: ஒரே நாளில் தீர்ந்துபோவது ஒன்று வையுங்கள், பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக வருவது ஒன்று வையுங்கள். பல நாள் வருவதுதான் பரீட்சைக் காலத்தில் துணை நிற்கிறது.

அவள் அறையில் அடுப்பு இருக்கிறதா, வெந்நீர் கெட்டில் மட்டும்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் தளத்தில் கெட்டிலைத் தவிர எதற்கும் அனுமதி இல்லை. சமைக்க வேண்டிய பொருள் வந்தால் அலமாரியில் கிடக்கும், பார்க்கும்போதெல்லாம் ஏக்கம்தான் கூடும். சூப் தூள், ஓட்ஸ், தேயிலை, கோகோ போல வெந்நீர் ஊற்றினால் தயாராகிவிடுபவை இரவு இரண்டு மணிக்குக் கைகொடுக்கும்.

இரட்டையர் அப்பா

எங்கள் பிள்ளைகள் இருவரும் இரட்டையர். ஒரே வீட்டில், ஒரே தட்டில் வளர்ந்தவர்கள். வெவ்வேறு ஊர்களில் படிக்கிறார்கள். முதல் முறை இருவருக்கும் ஒரே மாதிரிப் பார்சல் போட்டோம். மகனுக்குக் காரமானது எல்லாம் வேண்டும். மகள் வறுத்த நிலக்கடலையைத் தவிர எதையும் தொடவில்லை. அவள் அங்கே போனபின் இனிப்பை விட்டுவிட்டாள், எங்களிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை. "பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா" என்று நானும் நினைத்தவன்தான். எனக்குத் தெரிந்தது வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளையை. அங்கே போய் ஆறு மாதமான பிள்ளையை அல்ல.

பழைய காப்பாளர்

பல ஆண்டுகள் மாணவியர் விடுதிக் காப்பாளராக இருந்தேன். பார்சல்கள் என் மேசைக்குத்தான் வரும். பெற்றோர் பார்க்காத சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் எல்லோருக்கும் பெட்டி வரும். அப்போது பிள்ளைகள் புது இடம், புது முகங்கள் என்று பரபரப்பில் இருப்பார்கள், பெட்டியைப் பிரிக்கக்கூட நேரம் இருக்காது. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அந்தப் பரபரப்பு அடங்கும். உணவுக்கூடத்தில் தட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களை அப்போதுதான் அதிகம் பார்ப்பேன். அந்த நேரத்தில் பெட்டிகள் வருவது நின்றிருக்கும். என்னைக் கேட்டால், பெரிய பெட்டி ஒன்றை முதலில் அனுப்புவதைவிட, சிறியதாக ஒன்றைப் பிந்தி அனுப்புவதே மேல்.

பரீட்சைக்கு அனுப்புபவர்கள் பரீட்சை தொடங்க ஒரு வாரம் முன்பே சேரும்படி அனுப்புங்கள். விடுமுறைத் தேதியைப் பாருங்கள். பிள்ளை ஊருக்குக் கிளம்பிய மறுநாள் வந்த பெட்டிகள் என் அறையில் வாரக்கணக்கில் கிடந்து, வாசனை மாறி, கடைசியில் நானே கண்கலங்கி அப்புறப்படுத்தியது உண்டு. மேலே எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்தால் குப்பையில் போட மனம் வராது. அறை எண்ணும் பிள்ளையின் தொலைபேசி எண்ணும் பெட்டியின் வெளியே மட்டும் இருந்தால் போதாது, உள்ளேயும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேல் சீட்டு கிழிந்த பெட்டிக்கு அதுதான் அடையாளம்.

நிலக்கடலை, முந்திரி, பால், எள், கோதுமை எது சேர்ந்திருந்தாலும் டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் பகிர்ந்து சாப்பிடுவார்கள், தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. என் விடுதியில் கடலை ஒவ்வாமை உள்ள பெண் ஒருத்தி தோழி கொடுத்த ஒரு துண்டு பிஸ்கட்டால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பிழைத்துக்கொண்டாள். அந்த இரவை நான் மறக்கவில்லை.

மனநூல்

நான் உளவியல் படிக்கிறேன். இந்தத் தலைப்பில் ஆய்வுகளே நடந்திருக்கின்றன. 2011இல் ஜோர்டன் டிராய்ஸி, ஷிரா கேப்ரியல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கோழி சூப்பை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதை ஆறுதல் தரும் உணவாகக் கருதுபவர்கள் சூப் குடித்தபின், உறவு சார்ந்த சொற்கள் அவர்கள் மனதில் எளிதாக எழுந்தன. இன்னொரு சோதனையில், நெருங்கியவருடன் போட்ட சண்டையை நினைத்து எழுதியவர்கள், தங்களுக்கு ஆறுதல் தரும் உணவைப் பற்றி எழுதியபோதே தனிமை உணர்வு குறைந்தது. ஆனால் இது எல்லோருக்கும் அல்ல. நெருங்கிய உறவுகளை நம்பிப் பழகியவர்களிடம்தான் அப்படி இருந்தது.

2014இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்று கண்டார்கள். சோகமான காட்சிகளைக் காட்டி மனதை வாட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுடைய ஆறுதல் உணவு, சிலருக்கு வேறு பிடித்த உணவு, சிலருக்குச் சாதாரண உணவு கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சில நிமிடங்களில் எல்லோருடைய மனமும் ஒரே அளவில் தேறிவிட்டது. அதாவது, உணவு தேற்றியது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, தானாகவே தேறியிருக்கும்.

மூன்றாமாண்டு

அப்படியானால் கடையில் வாங்கிய சாக்லேட்டும் அம்மா அரைத்த பொடியும் ஒன்றா? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனநூல்

நானும் ஒன்று என்று சொல்லவில்லை. சோகக் காட்சி தந்த வாட்டம் சில நிமிடத்தில் கலையக்கூடியது. வீட்டு ஏக்கம் மாதக்கணக்கில் இருப்பது. அந்தச் சோதனை இதை அளக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது: உணவுக்கு மனநிலையை மாற்றும் தனி வல்லமை குறைவு, யாரோ ஒருவரை நினைவுக்குக் கொண்டுவரும் வல்லமை அதிகம். வாசனைக்கு மூளையில் ஒரு தனி வழி உண்டு. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடத்தின் வழியாகத்தான் மேலே போகும். வாசனை அதைத் தாண்டி, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. உங்கள் பொடிப் பாட்டிலைத் திறந்ததும் நடந்தது அதுவாக இருக்கலாம்.

தேநீர்க்கோப்பை

இதுவரை படிப்பவளாகவே இருந்தேன். இன்று எழுதத் தோன்றுகிறது.

நான் உதவித்தொகையில் படித்தவள். எங்கள் வீட்டில் பார்சல் அனுப்பும் நிலை இல்லை. அப்பா இல்லை, அம்மாவுக்கு இரண்டு வேலை. பார்சல் வரும் நாட்களில் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். யாராவது எடுத்துக்கொள் என்று நீட்டினால் வாங்கக் கூச்சம், வாங்காமல் இருந்தால் அவர்களுக்கு வருத்தம். அதனால் அந்த நேரத்தில் அறையிலேயே இருக்கமாட்டேன்.

இரண்டாம் ஆண்டில் வந்த அறைத்தோழி ஒருமுறை பெட்டி பிரித்தபோது உள்ளே இரண்டு டப்பாக்கள். ஒன்றில் அவள் பெயர். மற்றதில் என் பெயர், அவள் அம்மாவின் கையெழுத்தில். இரண்டிலும் ஒரே அளவு ஓட்ஸ் பிஸ்கட். நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. "உனக்குத் திராட்சை பிடிக்காது என்று சொன்னாள், அதனால் உன்னுடையதில் போடவில்லை" என்று ஒரு சீட்டு. கட்டிலில் உட்கார்ந்து நீண்ட நேரம் அழுதேன். அந்த டப்பா இன்றும் என் அடுக்களையில் இருக்கிறது, சர்க்கரை போட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டி அனுப்பும் அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் பிள்ளையின் அறையில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. கூடுதலாக அனுப்பினால் போதாது. பெயர் எழுதி அனுப்புங்கள். பங்கு கேட்டு வாங்குவதும் தன் பெயரில் வந்ததை எடுப்பதும் ஒன்றல்ல.

நிலாமுற்றம்

தேநீர்க்கோப்பை, உங்கள் பதிவை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். மகளின் அறைத்தோழிக்கு என்ன பிடிக்கும் என்று இன்றே கேட்கிறேன்.

கிழக்குவாசல்

ஒரு சிறு தகவல். வீட்டிலிருந்து போகும் இந்தப் பெட்டிகளை ஆங்கிலத்தில் 'கேர் பேக்கேஜ்' என்கிறார்களே, அந்தப் பெயர் பசியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், 22 அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து 'கேர்' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ஐரோப்பாவில் பட்டினி கிடந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து உணவுப் பெட்டி அனுப்ப அது வழி செய்தது. முதல் பெட்டிகள் 1946 மே 11 அன்று பிரான்ஸின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கின. தொடக்கத்தில் போனவை ராணுவத்தின் கையிருப்பில் மிஞ்சியவை, பத்து வீரர்களுக்கு ஒரு நாள் உணவாகக் கட்டப்பட்டவை. போர்க்களத்துக்கென்று கட்டிய பெட்டி ஒரு குடும்பத்தின் மேசைக்குப் போனது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கனத்தபெட்டி

எல்லோரும் அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். பெறுபவரின் பாரம் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மாதம் இரு முறை பெட்டி வரும், ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். அம்மா உடல்நிலை சரியில்லாமல் இருந்தும் செய்தார் என்று தெரியும். தனியாகச் சாப்பிட்டுத் தீர்க்க முடியவில்லை. தூக்கிப் போடும்போது அவர் முதுகுவலியைத் தூக்கிப் போடுவதாகவே இருக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் "சாப்பிட்டாயா, தீர்ந்ததா" என்று கேட்பார். பொய் சொல்வேன். நிலாமுற்றம் அம்மாவின் மகள் "நன்றாக இருந்தது" என்று சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எது மட்டும் வேண்டும், சொல்" என்றார். சின்ன பாட்டிலில் ஊறுகாய், ஒரு பை வறுத்த பாதாம், கையால் எழுதிய ஒரு பக்கம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில் ஒரு துண்டும் வீணாகவில்லை.

உலர்நிலம்

ஊறுகாய் பற்றி இரண்டு பேர் எழுதிவிட்டதால் சொல்லியே ஆக வேண்டும். உப்பும் புளிப்பும் நன்கு ஏறிய ஊறுகாய் பயணத்தைத் தாங்கும். ஆனால் பச்சைப் பூண்டையோ மூலிகையையோ வெறும் எண்ணெயில் ஊறவைத்து அனுப்புகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுவே ஏற்ற இடம். காரத்தன்மை–அமிலத்தன்மை அளவு (pH) 4.6க்குக் கீழே, அதாவது போதிய புளிப்போடு இருந்தால் அது வளராது. நஞ்சு இருப்பது மணத்தில், ருசியில் தெரியாது. மென்மையான கேக்கை வெற்றிடப் பையில் அடைப்பதும் நல்லதல்ல. காற்றை எடுத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை ஈரமான உணவுக்குப் பொருந்தாது.

கொட்டைகளில் அக்ரூட் சீக்கிரம் காறல் அடிக்கும், அதன் கொழுப்பு காற்றோடு எளிதில் வினைபுரியும். முந்திரியும் பாதாமும் தாங்கும். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவிலேயே உருகிவிடும், வெயில் காலத்தில் அனுப்ப வேண்டாம். உருகி மீண்டும் உறைந்த சாக்லேட்டில் வெள்ளைப் படலம் வரும். அது பூசணம் அல்ல, மேலெழுந்து உறைந்த கொழுப்பு. பிள்ளையிடம் சொல்லிவையுங்கள், பயந்து எறிந்துவிடப் போகிறாள். தேன் உறைந்திருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். சோப்பு, வாசனைப் பொருள் எதையும் உணவோடு அனுப்பாதீர்கள். வெண்ணெய் சேர்ந்த பண்டம் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.

கட்டி முடித்ததும் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து இடைவெளியை நிரப்புங்கள். பாட்டில் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, பாட்டிலை நிமிர்த்தி, இரண்டு பைகளுக்குள் வையுங்கள்.

பழைய காப்பாளர்

வெளிநாடு என்பதால் ஒரு வார்த்தை. இறைச்சி, பால் பண்டம், விதை, பழம் ஆகியவற்றை அஞ்சலில் அனுமதிக்காத நாடுகள் பல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பாலும் தனிநபர் பார்சலில் போகக்கூடாது. ஆஸ்திரேலியா இதில் மிகவும் கண்டிப்பு. சேரும் நாட்டின் சுங்கத் துறைத் தளத்தைப் பார்த்துவிட்டுச் சமைக்கத் தொடங்குங்கள். சுங்க அறிவிப்புப் படிவத்தில் 'தின்பண்டம்' என்று பொதுவாக எழுதாமல், 'வெண்ணெய் பிஸ்கட், 400 கிராம்' என்பதுபோல் தெளிவாக எழுதினால் தடங்கல் குறையும்.

நிலாமுற்றம் (ஆறு வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். இரண்டாவது பெட்டி பதினான்கு நாளில் சேர்ந்தது. பாதி அளவுப் பெட்டி. காரப் பொடி ஒரு பாட்டில். உப்புப் பிஸ்கட் இரண்டு டப்பா, ஒன்றில் மகள் பெயர், மற்றதில் அவள் அறைத்தோழியின் பெயர். வறுத்த முந்திரி. பேரீச்சம்பழம். என் கணவர் வாழ்நாளில் முதன்முறையாக மகளுக்கு எழுதிய கடிதம். குலுக்கிப் பார்த்தேன், சத்தம் இல்லை.

பிரித்ததும் அழைத்தாள். பிஸ்கட் ஒன்றுகூட உடையவில்லையாம். தொலைபேசியிலேயே கடித்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தாள். அறைத்தோழி தன் டப்பாவை யாருக்கும் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். பரீட்சை முடிந்துவிட்டது, ஒரு பாடம் கைவிட்டுப் போனது. முன்பென்றால் மறைத்திருப்பாள், இம்முறை அவளே சொன்னாள்.

அடுத்த பெட்டிக்கு அவளிடமே பட்டியல் கேட்டேன். "பொடி இன்னும் பாதி இருக்கிறது, அவசரம் இல்லை. இங்கே பொதுச் சமையலறையில் அடுப்பும் ஓவனும் இருக்கிறது. பேரீச்சம்பழக் கேக்கை நானே செய்து பார்க்கிறேன், அளவை மட்டும் எழுதி அனுப்பு" என்கிறாள். நான் இதுவரை கண்ணளவில்தான் செய்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உலர்நிலம்

ஒரு முறை செய்யுங்கள் அம்மா, ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் தராசில் வைத்துக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். கரண்டி, கோப்பை என்று எழுத வேண்டாம், அவளிடம் இருக்கும் கோப்பை உங்கள் கோப்பை அல்ல. முழுதாக ஆறிய பிறகு மூடச் சொல்லி மறக்காமல் எழுதுங்கள்.